பாட்டை வெச்சு பரிணாமம் சொல்லித்தர்றது எப்படி: முழு வழிகாட்டி

பரிணாமம்னா என்னன்னு எந்த வகுப்புல கேட்டாலும் ரெண்டே பதில்தான் வரும். ஒண்ணு, "குரங்குல இருந்து மனுசன் வந்தான்". இன்னொண்ணு, "ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்னுச்சு, அதான் கழுத்து நீண்டுபோச்சு". ரெண்டுமே தப்புதான், ஆனா எனக்கு பயம் ரெண்டாவதை பார்த்துதான், ஏன்னா கேக்குறதுக்கு அது அவ்வளவு நியாயமா இருக்கு, ஒருதடவை மண்டையில உக்காந்துட்டா காலேஜ் முடிச்சாலும் இறங்காது.

இதை சரி பண்ண நான் முதல்ல பண்ண வேலையை சொல்லிடுறேன், நீங்க அதை பண்ணாதீங்க. இயற்கைத் தேர்வு, மரபணு, சடுதிமாற்றம்னு எல்லா வார்த்தையும் வர்ற மாதிரி ஒரு ராப் எழுதி, ஒரு பீட் போட்டு, வகுப்பையே பாட வெச்சேன். பசங்க செம குஷி, ரெண்டே நாள்ல மனப்பாடம். டெஸ்ட் வெச்சா பாட்டுல இருந்த வார்த்தை எல்லாம் ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்காங்க, அதுக்கு அடுத்த வரியிலயே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது.

அப்புறம்தான் புரிஞ்சுது, பரிணாமத்தை பத்தி பாட்டு பாடுறது வேற, பாட்டே எப்படி மாறிக்கிட்டு வருதுன்னு காதால கேக்க வைக்கிறது வேற. இந்த வழிகாட்டி முழுக்க ரெண்டாவதை பத்திதான்.

என்னென்ன வேணும்

13 வயசுக்கு மேல இருக்குற பசங்க, 40 நிமிஷ வகுப்பு ஒரு அஞ்சு, வாய்ஸ் ரெக்கார்டர் இருக்குற போன், சின்ன ஸ்பீக்கர், கட்டம் போட்ட நோட்டு, ஒரு நாணயம். உங்களுக்கு பாட வரணும்னு அவசியமே இல்ல, சொல்லப்போனா கொஞ்சம் சுமாரா பாடுறவங்க இருந்தாதான் முதல் ஆட்டம் களைகட்டும்.

ஆரம்பிக்கும்போது பசங்க சிரிக்க ஒரு கதை சொல்லலாம், நிஜமா நடந்ததுதான். மண்புழுவுக்கு காது கேக்குமான்னு பார்க்க டார்வின் வீட்டுல புழு இருந்த தொட்டி பக்கத்துல பாசூன்ங்குற ஊதுகுழல் வாசிச்சாங்க, பியானோ வாசிச்சாங்க, புழு கண்டுக்கவே இல்ல. ஆனா தொட்டியை தூக்கி பியானோ மேலயே வெச்சு வாசிச்சப்போ அதிர்வு தாங்காம புழு குழிக்குள்ள ஓடிடுச்சு. 1881ல மண்புழுவை பத்தி எழுதின புத்தகத்துல இதை எல்லாம் ரொம்ப சீரியஸா எழுதி வெச்சிருக்கார் மனுசன்.

படி 1: காப்பி ஆட்டம்

எனக்கு ரொம்ப பிடிச்ச படி இதுதான், ரெண்டு வகுப்பு ஆனாலும் பரவாயில்ல, அவசரப்படாதீங்க.

பத்து பன்னெண்டு ஸ்வரம் வர்ற ஒரு சின்ன மெட்டை நீங்களே கட்டி ஹம் பண்ணி ரெக்கார்டு பண்ணிக்குங்க. தெரிஞ்ச பாட்டை எடுக்கவே எடுக்காதீங்க, தெரிஞ்ச மெட்டுன்னா மூளை தானா திருத்திடும், பிழையே வராது, நமக்கு வேண்டியதே பிழைதான். முதல் ஆளை வெளிய கூப்பிட்டு அதை ஒரே ஒருதடவை போட்டு காட்டுங்க, அவங்க கேட்டதை ஹம் பண்ணி ரெக்கார்டு பண்ணட்டும். ரெண்டாவது ஆளுக்கு முதல் ஆளோட ரெக்கார்டிங் மட்டும்தான், மூணாவது ஆளுக்கு ரெண்டாவது ஆளோடது மட்டும்தான். ஒரிஜினலை யாருக்கும் காட்டக்கூடாது.

மூணாவது ஆள் முடிச்சதும் அந்த ரெக்கார்டிங்கை ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா குடுத்து ரெண்டு கிளையா பிரிச்சுடுங்க. ஒவ்வொரு கிளையிலயும் ரெண்டு பேர் வரிசையா போனதும் மறுபடி ரெண்டா பிரிங்க, அதுக்கு அப்புறமும் ரெண்டு ரெண்டு பேர். மொத்தம் 15 பேர், கடைசியில கையில நாலு ரெக்கார்டிங் இருக்கும். யார் யாருக்கு குடுத்தாங்கன்னு நீங்க மட்டும் ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்கணும், இதை மறந்தா எல்லாம் போச்சு, நான் ஒருதடவை மறந்து முழு வகுப்பும் வீணாச்சு.

இப்போ ஆட்டத்துல இல்லாத மத்த பசங்களுக்கு அந்த நாலையும் குலுக்கிப்போட்டு கேக்க விடுங்க. கேள்வி ஒண்ணுதான்: "இதுல யாரு யாருக்கு சொந்தம்? மரம் வரைஞ்சு காட்டுங்க."

எங்க வகுப்புல நடந்ததை சொல்றேன். ஒரு கிளையில ரெண்டாவதா வந்த பையனுக்கு தொண்டை கட்டியிருந்துச்சு, மெட்டுல மேல போற ஒரு ஸ்வரம் எட்டல, அப்படியே கீழ இறக்கி பாடிட்டான். அவனுக்கு அப்புறம் வந்த நாலு பேரும், நல்லா பாடுற பொண்ணு உட்பட, அந்த இடத்துல கீழதான் இறங்கினாங்க, அவங்க கேட்டதே அதைத்தானே. இன்னொரு கிளையில கடைசி ஸ்வரத்தை யாரோ இழுத்துவிட, அந்தப் பக்கம் எல்லாரும் இழுத்தாங்க. குலுக்கிப்போட்ட நாலையும் கேட்ட பசங்க பத்து நிமிஷத்துல சரியா ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்துட்டாங்க. அதுக்கு அப்புறம் நான் ஒரிஜினலை போட்டு காட்டினப்போதான் தெரிஞ்சுது, நாலுலயுமே நடுவுல ஒரு ஸ்வரம் காணோம். அது எங்க தொலைஞ்சிருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு குரல், "பிரியுறதுக்கு முன்னாடியே தொலைஞ்சிருக்கணும் சார், இல்லன்னா நாலு பேர்கிட்டயும் எப்படி ஒரே மாதிரி காணாம போகும்?"

இந்த இடம் வந்ததும் பரீட்சை உதாரணத்தை சொல்லுங்க. ரெண்டு பேர் ஒரே சரியான விடை எழுதினா ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டு பேரும் படிச்சிருக்கலாம். ஒரே மாதிரி ஒரே தப்பை எழுதியிருந்தா? கதை முடிஞ்சுது.

இப்போ உயிரியலுக்கு வாங்க. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியை உடம்புலயே தயாரிச்சுக்கும். அதுக்கு கடைசி கட்டத்துல வேலை செய்யுற என்சைமை உண்டாக்குற 'குலோ'ங்குற ஜீன் நமக்கு உடைஞ்சு கிடக்கு, உடைஞ்ச துண்டு மட்டும் டிஎன்ஏவுல இன்னும் இருக்கு. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் அதே கதை. நாலு ரெக்கார்டிங்குலயும் காணாம போன ஸ்வரம் மாதிரியேதான், பிரியுறதுக்கு முன்னாடி தொலைஞ்சது. கூர்மையான பசங்க இருந்தா இன்னொரு அடி போகலாம்: கினி பிக்குக்கும் இந்த ஜீன் உடைஞ்சுதான் இருக்கு, ஆனா அது தனியா, வேற விதமா உடைஞ்சது. ஒரே ஸ்வரத்தை ரெண்டு கிளையில ரெண்டு பேர் வேற வேற மாதிரி சொதப்பினா எப்படி கண்டுபிடிப்பீங்களோ அப்படித்தான் அதையும் கண்டுபிடிச்சாங்க.

படி 2: கைதட்டல் கட்டம், அதாவது தேர்வு

முதல் ஆட்டத்துல பிழை இருந்துச்சு, வம்சாவளி இருந்துச்சு, தேர்வு, அதாவது எது நிக்கணும் எது போகணும்னு பொறுக்குறது, அது மட்டும் இல்ல. அதை இப்போ சேர்க்கணும்.

வகுப்பை எட்டு குழுவா பிரிங்க. ஒவ்வொரு குழுவும் நோட்டுல 16 கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் நாணயம் சுண்டணும், தலை விழுந்தா கைதட்டல், பூ விழுந்தா அமைதி. ஒவ்வொண்ணுக்கும் அ, ஆ, இ, ஈன்னு பேர் வெச்சு, சீரான வேகத்துல தட்டிக் காட்டச் சொல்லுங்க. சத்தியமா சொல்றேன், கர்ண கொடூரமா இருக்கும், இருக்கணும்.

எல்லாரும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடட்டும். கடைசி நாலு வெளிய. மேல வந்த நாலும் ஆளுக்கு ரெண்டு குட்டி போடும், ஒவ்வொரு குட்டியிலயும் சீட்டு குலுக்கி எந்த கட்டம் வருதோ அதை மட்டும் மாத்திடணும், தட்டல்னா அமைதி, அமைதின்னா தட்டல். மறுபடி தட்டு, மறுபடி மார்க். ஏழெட்டு தலைமுறை போனா, ஆட வைக்கிற அளவுக்கு இல்லன்னாலும், தாளம்னு சொல்ற மாதிரி ஒண்ணு வந்து நிக்கும். அப்போ கேளுங்க: "இதை கம்போஸ் பண்ணது யாரு?" பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க. யாருமே பண்ணல. நாணயம் சுண்டினாங்க, சீட்டு எடுத்தாங்க, பிடிச்சதுக்கு மார்க் போட்டாங்க, அவ்வளவுதான்.

இதோட நிறுத்தாம அதே எட்டு தாளத்துல இருந்து இன்னொரு ஓட்டம் கண்டிப்பா ஓட்டுங்க, நிறைய பேர் விடுறது இதைத்தான். இந்த முறை மார்க் கிடையாது, எந்த நாலு வெளிய போகணும்னு குலுக்கல்ல முடிவு பண்ணுங்க. இதுலயும் சில எழுத்துங்க ஒவ்வொண்ணா காணாம போகும், ஒண்ணு ரெண்டு எழுத்தோட வாரிசுங்க இடத்தை பிடிச்சுக்கும், ஆனா தாளம் கடைசி வரைக்கும் கொடூரமாவே இருக்கும். மாற்றம் நடந்துச்சு, யாரும் தேர்ந்தெடுக்கல. இதுக்குத்தான் ட்ரிஃப்ட்டுன்னு பேர், ரெண்டு ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல கேட்ட பசங்களுக்கு இதை விளக்க தனியா ஒரு வகுப்பு எடுக்கத் தேவையில்ல.

இது ஏதோ விளையாட்டுன்னு நினைக்காதீங்க, லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க டார்வின்ட்யூன்ஸ்னு இதையே பெருசா பண்ணி 2012ல ஆய்வுக்கட்டுரையாவே போட்டாங்க. கம்ப்யூட்டர் உருவாக்கின 8 செகண்ட் இசைத்துண்டு 100, இன்டர்நெட்ல கிட்டத்தட்ட 7,000 பேர் கேட்டு மார்க் போட்டாங்க, நல்லா இருந்ததுங்க ஜோடி சேர்ந்து குட்டி போட்டுச்சு, 2,500 தலைமுறைக்கு மேல ஓட்டினாங்க. வெறும் இரைச்சலா ஆரம்பிச்சது அஞ்சாறு நூறு தலைமுறைக்குள்ள கேக்குற மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் பெருசா முன்னேறாம தேங்கிடுச்சு. ஏன் தேங்குச்சுன்னு பசங்களையே யோசிக்க விடுங்க. நல்ல இசையா ஆன பிறகு அதுல வர்ற பெரும்பாலான மாற்றம் அதை கெடுக்கத்தான் செய்யும்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க.

படி 3: இன்ட்ரோ அளக்குறது (ஒட்டகச்சிவிங்கியை இங்கதான் பிடிக்கணும்)

வீட்டுப்பாடம்: ஒவ்வொரு பத்தாண்டுலயும் 10 ஹிட் பாட்டு எடுத்து, பாட்டு ஆரம்பிச்சதுல இருந்து குரல் வர்ற வரைக்கும் எத்தனை செகண்டுன்னு ஸ்டாப்வாட்ச்ல அளந்துட்டு வரணும். எந்த மொழிப் பாட்டா இருந்தாலும் சரி, ஆனா ஒரு குழு ஒரே மொழியில இருக்கட்டும்.

அமெரிக்க டாப் 10 பாட்டுகளை இப்படி அளந்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, 80களோட நடுவுல சராசரியா 20 செகண்டுக்கு மேல இருந்த இன்ட்ரோ 2015 வாக்குல 5 செகண்ட் ஆயிடுச்சு. காரணம் ஒண்ணே ஒண்ணுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா சூழலை பாருங்க: ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டை 30 செகண்டாவது கேட்டாதான் ஒரு ப்ளேன்னு கணக்கு, அடுத்த பாட்டுக்கு தாவ ஒரு விரல் போதும். முன்னாடியும் இப்படித்தான், நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய பத்து இன்ச் இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு சுமார் மூணு நிமிஷம்தான் பிடிக்கும், பாட்டுன்னா மூணு நிமிஷம்ங்கிற பழக்கம் அந்த தட்டோட அளவுல இருந்து வந்ததுதான், தட்டு போயும் பழக்கம் ரொம்ப நாள் போகல.

பசங்க கிராஃப் போட்டு முடிச்சதும் இந்த கேள்வியை போடுங்க, இந்த வழிகாட்டியில ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்குவீங்கன்னா இதை எடுத்துக்குங்க: "1985ல வந்த அந்த பாட்டோட இன்ட்ரோ இன்னிக்கு எவ்வளவு நீளம்?"

அதே நீளம்தான்! எந்த பாட்டும் தன்னோட இன்ட்ரோவை சுருக்கிக்கல. பழைய பாட்டு அப்படியேதான் இருக்கு, புதுசா பிறக்குற பாட்டுங்கள்ல குட்டி இன்ட்ரோ இருக்குறது அதிகமா ஓடுது, அதை பார்த்து அடுத்து வர்றதும் அப்படியே வருது, கூட்டத்தோட சராசரி நகருது. ஒட்டகச்சிவிங்கியும் அதேதான், எந்த ஒட்டகச்சிவிங்கியும் தன் கழுத்தை நீட்டிக்கல, கொஞ்சம் நீளமான கழுத்தோட பிறந்ததுங்க குட்டி அதிகமா விட்டுட்டுப் போச்சு. தனி உயிர் பரிணமிக்காது, கூட்டம்தான் பரிணமிக்கும்ங்கிறதை நான் பத்து வருசம் போர்டுல எழுதியும் இறங்காதது இந்த கிராஃப்ல இறங்குச்சு.

ஒரு எச்சரிக்கை. பழைய பாட்டுன்னு பசங்க கொண்டு வர்றது எல்லாம் காலத்தை தாண்டி நின்ன பாட்டா இருக்கும், அன்னிக்கு வந்து அன்னிக்கே செத்தது அந்த லிஸ்ட்ல வராது. இதை தப்புன்னு திட்டாதீங்க, ஃபாசில் பதிவுலயும் இதே ஓட்டைதான், எலும்பு ஓடு இருந்ததுங்க பாறையில நின்னுச்சு, ஜெல்லிமீன் மாதிரி மெத்துனு இருந்ததுங்க பெரும்பாலும் தடம் இல்லாம போச்சுன்னு அங்கயே சொல்லிடலாம்.

படி 4: வேற வேலைக்கு வந்தது

இது சின்ன படி, இருபது நிமிஷம் போதும். ஆண்டி ஹில்டிபிராண்ட்னு ஒருத்தர், பூமிக்கு அடியில எண்ணெய் எங்க இருக்குன்னு தேட நில அதிர்வு சிக்னலை அலசுற வேலையில இருந்தவர். அந்த கணக்குல அவருக்கு இருந்த அனுபவத்தை வெச்சு 1997ல பாடகர்களோட சுருதி பிசகுறதை சத்தமில்லாம சரி பண்ண ஆட்டோ-டியூன்ங்குற மென்பொருளை கொண்டு வந்தார். அடுத்த வருசமே ஸ்டூடியோவுல அந்த செட்டிங்கை எக்குத்தப்பா திருகி, குரலை ரோபோ மாதிரி ஆக்கி, அதையே ஒரு ஸ்டைலா ஆக்கிட்டாங்க. பிழையை மறைக்க வந்தது காட்டிக்கிற அலங்காரம் ஆச்சு.

இறகும் இப்படித்தான். பறக்கவே முடியாத டைனோசருக்கு இறகு மாதிரி தூவி இருந்ததை 1996ல சீனாவுல கிடைச்ச சைனோசாராப்டெரிக்ஸ் ஃபாசில் காட்டுச்சு. உடம்பு சூட்டை காக்க உதவியிருக்கலாம், பறக்குறது அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. "பறக்குறதுக்காக இறகு வந்துச்சு"ன்னு பசங்க எழுதும்போது அந்த "க்காக"வை சிவப்பு பேனாவுல வட்டம் போடுங்க.

படி 5: அதிர்ஷ்டம்

ஹிட் ஆனதெல்லாம் நல்ல பாட்டு, ஆகாததெல்லாம் மோசம்னு பசங்க நினைப்பாங்க, "தகுதியுள்ளது பிழைக்கும்"ங்கிற வாக்கியத்தையும் அப்படியேதான் புரிஞ்சு வெச்சிருக்காங்க. 2006ல வெளியான ஒரு ஆய்வுல 14,000 பேருக்கு மேல, யாருக்கும் தெரியாத 48 பாட்டு. கேக்குறவங்களை எட்டு தனி உலகமா பிரிச்சு, அந்தந்த உலகத்துல எந்த பாட்டு எத்தனை டவுன்லோடுன்னு மட்டும் காட்டினாங்க. ஒரு உலகத்துல உச்சிக்கு போன பாட்டு இன்னொரு உலகத்துல நடுவுல கிடந்துச்சு. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்கு போனதும், ரொம்ப மோசமானது மேல வந்ததும் அபூர்வம்தான், மத்ததுக்கு எல்லாம் எது வேணா நடந்துச்சு. வகுப்புல இதை செஞ்சு பார்க்க நேரம் இருக்காது, சொன்னா போதும்.

படி 6: இப்போ உதாரணத்தை உடைங்க

இதை விட்டுட்டு போனீங்கன்னா மேல பண்ண அஞ்சு படியும் உங்களுக்கே எதிரா திரும்பும். ஒரு முழு வகுப்பு ஒதுக்கி "பாட்டு எங்க எல்லாம் உயிரினம் மாதிரி இல்ல?"ன்னு பசங்களையே சண்டை போட விடுங்க.

முதல்ல வர வேண்டியது: பாட்டுக்கு இசையமைப்பாளர் இருக்கார், அவருக்கு இது ஓடணும்னு எண்ணம் இருக்கு. சடுதிமாற்றத்துக்கு, அதாவது ஜீன்ல தற்செயலா வர்ற மாற்றத்துக்கு, எந்த எண்ணமும் இல்ல, தேவையை பார்த்து அது வர்றதில்ல. கைதட்டல் ஆட்டத்துல சீட்டு எடுத்த மாதிரிதான். அதனாலதான் இன்ட்ரோ கிராஃபை விட கைதட்டல் ஆட்டம் உயிரியலுக்கு பக்கத்துல இருக்கு, இதை பசங்ககிட்ட வெளிப்படையா சொல்லுங்க. ஆனா அங்கயும் மார்க் போட்டது மனுசங்க, அவங்களுக்குன்னு ஒரு ரசனை இருந்துச்சு. இயற்கைக்கு ரசனை கிடையாது, பிழைச்சு குட்டி போட்டதுதான் மார்க்கு.

ரெண்டாவது, பாட்டுல கிளைங்க மறுபடி ஒட்டிக்கும். 1969ல வந்த ஒரு பாட்டுல நாலு தாளச்சுற்றுக்கு டிரம்ஸ் மட்டும் வர்ற இடம், ஆமென் பிரேக்னு சொல்வாங்க, கிட்டத்தட்ட ஏழு செகண்ட்தான், அதை வெட்டி ஒட்டி ஹிப்-ஹாப்ல இருந்து ஜங்கிள்ங்குற நடன இசை வரைக்கும் ஆயிரக்கணக்கான பாட்டுல போட்டுட்டாங்க. வாசிச்ச டிரம்மர் கிரிகரி கோல்மேனுக்கு அதுல ராயல்டி எதுவும் வரல, 2006ல இறந்துட்டார், பசங்க இதை கேட்டு கொதிப்பாங்க, ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்க. திமிங்கலமும் வௌவாலும் இப்படி ஜீனை வெட்டி ஒட்டிக்க முடியாது. பாக்டீரியா பண்ணும், ஆன்டிபயாடிக்கை எதிர்க்கிற ஜீனை பக்கத்து இனத்துக்கு கைமாத்தும், ஆமென் பிரேக்குக்கு உயிர் உலகத்துல ஜோடின்னா அதுதான்.

மூணாவது, முன்னேற்றம்ங்கிற பேய். "அப்போ இப்போ வர்ற பாட்டு பழசை விட ஒசத்தியா?"ன்னு கேளுங்க, வகுப்பு ரெண்டா உடையும், ஆசிரியரும் சேர்ந்து உடைவார். 1960ல இருந்து 2010 வரைக்கும் அமெரிக்க ஹாட் 100 பட்டியல்ல வந்த சுமார் 17,000 பாட்டை கம்ப்யூட்டர்ல அலசி, பெரிய திருப்பங்கள் 1964, 1983, 1991ல வந்துச்சுன்னு 2015ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, அதுலயும் 1991தான் பெருசு, ராப் மேல வந்த நேரம். எப்போ மாறுச்சுன்னு அளக்க முடிஞ்சுது, ஒசத்தியான்னு அளக்க அங்க அளவுகோலே இல்ல. குரங்கு கீழ, மனுசன் மேலன்னு வரைஞ்ச அந்த பிரபலமான வரிசைப்படம் ஏன் தப்புன்னு இதுக்கு அப்புறம் சொல்லிப்பாருங்க, எதிர்ப்பே இருக்காது.

நடுவுல திமிங்கலத்தை கொண்டு வர்றது நல்லது. ஆஸ்திரேலியாவோட கிழக்கு கரையில பாடுற ஹம்ப்பேக் திமிங்கலங்க நடுவுல 1996ல ஒண்ணு ரெண்டு மட்டும் மேற்கு கரைப் பாட்டை பாடுச்சுங்க, ரெண்டே வருசத்துல மொத்த கூட்டமும் பழைய பாட்டை விட்டுட்டு புதுசுக்கு மாறிடுச்சு. இது ஜீன் இல்ல, ஒண்ணை பார்த்து ஒண்ணு கத்துக்கிட்டது. கத்துக்கிட்டு பரவுறது ஒரு வேகம், ஜீன்ல பரவுறது வேற வேகம்னு பிரிச்சுக்காட்ட இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

கடைசியா பாட்டை ஓரமா வெச்சுட்டு நிஜ உயிருக்கு வந்தே ஆகணும். 1988ல ரிச்சர்ட் லென்ஸ்கிங்குற அமெரிக்க உயிரியலாளர் ஒரே மாதிரி ஈ.கோலை பாக்டீரியாவை 12 குடுவையில வளர்க்க ஆரம்பிச்சார். 30,000 தலைமுறை தாண்டின பிறகு ஒரே ஒரு குடுவையில இருந்ததுங்க மட்டும், ஈ.கோலைக்கு சாதாரணமா முடியாத வேலையா, காத்து இருக்கும்போதே சிட்ரேட்ங்குற உப்பை தின்ன கத்துக்கிச்சு. இந்த "கத்துக்கிச்சு"ன்னு நான் சொன்னதே தப்புன்னு யாராவது கை தூக்குறாங்களான்னு பாருங்க, நான் வேணும்னே அப்படித்தான் சொல்வேன்.

படி 7: புரிஞ்சுதான்னு பார்க்குறது

வரையறை கேக்காதீங்க, அது மனப்பாடம் ஆயிடும். மூணு வாரம் கழிச்சு, பாட்டு பேச்சே எடுக்காம, குகையில வாழுற மீனுக்கு ஏன் கண்ணு இல்லன்னு கேளுங்க. "பயன்படுத்தல, அதனால போச்சு"ன்னு எழுதினா படி 3க்கு திரும்பணும். எங்க வகுப்புல ஒரு பொண்ணு எழுதினது: "எந்த மீனும் தன் கண்ணை தொலைக்கல. கண்ணு சரியில்லாம பிறந்ததுங்க இருட்டுல நஷ்டமில்லாம பிழைச்சு குட்டி போட்டிருக்கும், 85ல வந்த பாட்டு அப்படியே இருக்குற மாதிரி பழைய மீன் அப்படியேதான் இருந்திருக்கும்." கண்ணை வளர்க்க ஆகுற சத்து மிச்சமாகுறது லாபம்ங்கிறதையும் சேர்த்திருந்தா இன்னும் ஒரு மார்க் போட்டிருப்பேன்.

காது கேக்காத பசங்க இருந்தா கைதட்டல் கட்டத்தை வண்ணக் கட்டமா மாத்திடுங்க, கறுப்பு வெள்ளை டிசைனுக்கு மார்க் போட்டாலும் ஆட்டம் ஒண்ணும் குறையாது. பாட்டு வரியில கெட்ட வார்த்தை இருக்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க, இது அனுபவம் பேசுது.

அப்புறம் அந்த 15 ரெக்கார்டிங்கையும் அழிக்காதீங்க. லென்ஸ்கி ஆரம்பிச்ச அந்த சோதனையில 500 தலைமுறைக்கு ஒருதடவை பாக்டீரியாவை ஃப்ரீஸர்ல எடுத்து வெக்கிறாங்க, எப்போ வேணா பழசை எழுப்பி புதுசோட ஒப்பிட்டுக்கலாம். நான் தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல வெச்சிருக்கேன், அடுத்த வருச பசங்களுக்கு ஒரிஜினலுக்கு பதிலா போன வருசம் கடைசியா வந்த நாலுல ஒண்ணை எடுத்து குடுக்குறேன். இப்போ நாலாவது வருசம். தொண்டை கட்டின அந்த பையன் ஸ்கூல் முடிச்சே போயிட்டான், அந்த ஸ்வரம் இன்னும் கீழதான் இறங்குது.